‘கணினியில் பார்க்கவும்’

2004-ஆம் ஆண்டின் தன்பதிவேடு ஒன்றில் (ஒரு பிரிவு எழுத்தர் தன்னிடம் வரும் கோப்புகளைப் பதியும் ஏடு அது), ஒரு பக்கத்தின் கடைசிக் கலத்தில், சிவப்பு மையால் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன: ‘கணினியில் பார்க்கவும்’. கீழே சுருக்கொப்பம் இருந்தது, தேதி இல்லை. சேலத்தில் நான் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், 2016-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். மேசைக்கு எதிரே, சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மடியில் துணிப்பையுடன் காத்திருந்தார். அவருடைய தந்தைக்கு அரசு மனை வழங்கிய வீட்டுமனை ஒப்படை ஆணையின் நகல் அவருக்குத் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த அசல், கூரை ஒழுகி நனைந்து, மடிப்புகளில் கிழிந்து, எண்ணும் தேதியும் மட்டுமே படிக்கத்தக்க நிலையில் இருந்தது. மனையின் பரப்பு எழுதப்பட்டிருந்த வரி முழுவதும் மை கரைந்து போயிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அவர் வந்தது அது மூன்றாம் முறை. “எங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினதுங்க ஐயா. இங்கதான் இருக்கும்னு சொல்லி அனுப்புனாங்க” என்றார்.

பதிவேட்டில் எண் இருந்தது, பொருள் இருந்தது, முடிவு செய்த நாளும் இருந்தது. கோப்பு மட்டும் பதிவறைக் கட்டில் இல்லை. பதிவேடு குறிப்பிட்ட கணினியோ 2011-இலேயே கழிவு செய்யப்பட்டு ஏலத்தில் போய்விட்டது. இரண்டு நாள் தேடிய பிறகு, ஒரு பீரோவின் மேல்தட்டில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில், காகித உறையில் இட்ட சிடி ஒன்று கிடைத்தது. உறையின் மேல் ‘பழையது’ என்று மட்டும் எழுதியிருந்தது.

சிடியில் அந்த எண்ணுக்கு மூன்று கோப்புகள் இருந்தன. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன; தமிழில் சொன்னால் ‘ஆணை’, ‘ஆணை இறுதி’, ‘ஆணை இறுதி 2’ என்பவை. திறந்தால் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த எழுத்துரு இருந்த வேறொரு கணினியைத் தேடிப் பிடித்துத் திறந்தபோது, முதல் கோப்பில் இரண்டு சென்ட் என்றும், இரண்டாவதில் இரண்டரை சென்ட் என்றும், மூன்றாவதில் மூன்று சென்ட் என்றும் இருந்தது. மூன்றிலும் கையொப்பம் இல்லை. மூன்றையும் கடைசியாகச் சேமித்த நாள் 2009-இல் ஒரே நாளாக இருந்தது. யாரோ மூன்றையும் திறந்து, மீண்டும் சேமித்து, சிடியில் ஏற்றியிருக்கிறார்கள். வழங்கப்பட்ட ஆணை இவற்றில் எது என்று சொல்ல அந்தச் சிடியில் எந்தத் தடயமும் இல்லை.

அரசின் மின்னாவணங்களைப் பேணுவதற்கு எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான நெறிமுறை ஒன்று வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான். பணியிலிருந்து ஓய்வு பெற்று, சேலம் கோரிமேட்டில் வீட்டு வாசலிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இப்போதும் அதையே சொல்கிறேன். கோப்பு எங்கே போனாலும், எந்த மென்பொருளிலிருந்து எந்த மென்பொருளுக்கு மாறினாலும், அது யாரால், எப்போது, எதற்காக, எந்தக் கோப்பின் தொடர்ச்சியாக உருவானது, எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்னும் விவரங்கள் அதனுடனேயே போக வேண்டும். அந்த விவரங்கள் எவை, அவற்றின் பொருள் என்ன என்பதை அலுவலகங்கள் முன்கூட்டியே ஒன்றுகூடி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

காகிதக் காலத்தில் இப்படி ஒரு பொது நெறி நம்மிடம் இருந்தது. அது நெறி என்று நாம் உணராத அளவுக்குப் பழகியிருந்தது. நான் 1986-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, மாவட்ட அலுவலக நடைமுறை நூலை ஒரு மூத்த எழுத்தர் என் மேசையில் வைத்து, “இதைப் படிச்சா போதும் தம்பி, எந்த ஊருக்குப் போட்டாலும் பிழைச்சுக்கலாம்” என்றார். அவர் சொன்னது உண்மை. தபால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், ந.க. எண் என்னும் கோப்பு எண்ணைப் பெறும், பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் பதிவாகும், அலுவலகக் குறிப்புகள் அடங்கிய குறிப்புக் கோப்பும் கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பும் தனித்தனியே பக்க எண்ணிடப்படும், முடிவு செய்யும்போதே எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்றும் முடிவாகும். ஓராண்டு என்றால் எல்.டிஸ்., மூன்றாண்டு என்றால் கே.டிஸ்., பத்தாண்டு என்றால் டி.டிஸ்., நிரந்தரம் என்றால் ஆர்.டிஸ். தமிழில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதினோம். ஆத்தூரில் வேலை கற்றவர் ஓமலூருக்கோ மேட்டூருக்கோ மாறுதலாகிப் போனாலும், மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பதிவேட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பு வேறு துறைக்குப் போனாலும், அதைக் கையில் வாங்குபவர் அட்டையைப் பார்த்தே அதன் வரலாற்றைப் படித்துவிடுவார்.

சேலத்துக்காரனாகிய எனக்கு இந்த நெறியின் வேர் இம்மண்ணிலேயே ஓடுவதாகத் தோன்றுவது உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடு தலைமையில் தாமஸ் மன்றோ, மெக்லியோட், கிரகாம் ஆகியோர் நில அளவையையும் வரி விதிப்பையும் தொடங்கினார்கள். அந்த ஆண்டுகளின் கடிதங்களும் அறிக்கைகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற தொகுதியாக, நிர்வாகம், புவியியல், குடிகள், விளைபொருள், உடைமை, நிலவரி என்று பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அச்சேறின. அவர்களுடைய வரிக்கொள்கையைப் பற்றி எனக்கு உயர்ந்த கருத்து இல்லை. அதன் சுமையைத் தாங்கியவர்கள் இந்த மாவட்டத்துக் குடியானவர்கள். எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்து, இதை யார், யாருக்கு, எந்தப் பொருள் பற்றி, எந்த நாளில் எழுதினார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. 2004-இல் எழுதிய ஆணைக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பொது நெறியின் அருமை எனக்கு நேரில் விளங்கியது நாமக்கல் பிரிந்தபோதுதான். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய மாதங்களில், நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் பகுதிக் கோப்புகளைப் பிரித்து அனுப்பும் வேலை பல அலுவலகங்களில் நடந்தது. நான் இருந்த பிரிவிலும் நடந்தது. கட்டு எண், கோப்பு எண், பொருள், பக்கங்கள், வைத்திருக்க வேண்டிய காலம் என்று ஒப்படைப்புப் பட்டியலை மும்மடங்காக எழுதினோம். ஒரு கோப்பில் இரண்டு மாவட்டங்களின் கிராமங்களும் வந்தால், அசல் எங்கே இருக்கிறது, நகல் எங்கே போனது என்று இரண்டு பட்டியல்களிலும் குறித்தோம். வாங்கியவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டார். பதிவறையில் முப்பது ஆண்டு இருந்த ஒரு பெரியவர், 1965-இல் தருமபுரி பிரிந்தபோதும் இதே படிவத்தில்தான் எழுதினோம் என்றார். முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு பிரிவினைகளுக்கு ஒரே படிவம் போதுமானதாக இருந்தது.

மின்னணுக் காலம் தொடங்கியபோது இந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஒவ்வொரு துறையும் தனக்கென மென்பொருள் வாங்கியது அல்லது எழுதுவித்தது. அது தவறென்று சொல்ல மாட்டேன். நிலப் பதிவுக்கும் கருவூலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தேவைகள் வேறு வேறு. ஆனால் மென்பொருள் எதுவாக இருந்தாலும் அதிலிருந்து வெளிவரும் ஆவணம் எந்த விவரங்களைச் சுமந்து வர வேண்டும் என்று யாரும் முதலில் உட்கார்ந்து பேசவில்லை.

‘தேதி’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் கோப்பில் தபால் வந்த நாளுக்கு ஒரு முத்திரை, பதிவான நாளுக்கு ஒரு கலம், அலுவலர் ஒப்பமிட்ட நாள் ஒப்பத்தின் கீழ், அனுப்பிய நாள் அனுப்புகைப் பதிவேட்டில் என்று நான்கு நாள்கள் நான்கு இடங்களில் இருந்தன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள வழியே இல்லை. நான் பார்த்த மென்பொருள்களில் ஒன்றில் ‘தேதி’ என்றால் மனு வந்த நாள். இன்னொன்றில் ஸ்கேன் செய்து ஏற்றிய நாள். மூன்றாவதில் அலுவலர் கடைசியாகப் பொத்தானை அழுத்திய நாள். என் பணிக்காலத்தின் இறுதியில், ஓர் அலுவலகத்தில் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றினார்கள். வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. பிறகு பார்த்தால், முடிவுற்ற கோப்புகள் அனைத்தும் மாற்றம் நடந்த அந்த வாரத்தில் முடிவுற்றவையாகக் காட்டின. மூன்றாண்டு கடந்து அழிக்கப்பட வேண்டியவை புதிதாக மூன்றாண்டு எண்ணத் தொடங்கின. மேல்முறையீட்டுக் காலத்தை நிறுவ ஆணையின் நாள் தேவைப்பட்ட வழக்குகளுக்குப் பழைய காகிதத்தைத் தேட வேண்டியதாயிற்று. மாற்றிய இளைஞர்கள் திறமையானவர்கள், இரவுபகலாக உழைத்தவர்கள். பழைய கலத்துக்குப் பொருள் என்ன என்று எழுதிய தாள் ஒன்று அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

சட்டம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 7-ஆம் பிரிவு, ஓர் ஆவணத்தை மின்னணு வடிவில் வைத்திருந்தால் போதும் என்று அனுமதிக்கும்போதே மூன்று நிபந்தனைகளையும் வைக்கிறது. பின்னாளில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். உருவான வடிவிலோ, அதைச் சரியாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்த நாள், எந்த நேரம் என்னும் விவரங்கள் அதில் கிடைக்க வேண்டும். அந்தச் சிடியை இந்த மூன்று நிபந்தனைகளோடு வைத்துப் பாருங்கள், மூன்றிலும் தவறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு எல்லா ஆவணங்களையும் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி, கணினியில் ஏற்றத்தக்கவற்றை ஏற்றி வைக்க வேண்டும் என்கிறது. மனுவுக்குப் பதில் தருவதே அந்தச் சட்டம் என்று அலுவலகங்களில் பலரும் நினைக்கிறார்கள். மனுவே வேண்டாத அளவுக்கு ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பது அதன் முதற்கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மின்னாவணத்துடன் தர வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்வரிசை அது. ஆணை பிறந்த அன்றே அந்த மதிப்பைப் பதிந்து வைத்தால்தான் அதற்கு முழுப் பயன் உண்டு; வழக்கு வந்த அன்று கணக்கிட்டால், அன்றைக்கு இருந்த கோப்பு இதுதான் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

சட்டங்கள் இருந்தும் பொதுமை வராததற்குச் சேலமே நல்ல எடுத்துக்காட்டு. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினியில் உருவானதையும் பொது ஆவணம் என்று அப்போதே வரையறுத்துவிட்டது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஆவண அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும், விதிக்குப் புறம்பாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. ஆனால் அது மத்திய அரசுக்கும், ஒன்றியப் பகுதிகளுக்கும், மத்திய அரசின் நிறுவனங்களுக்கும் உரியது. எனவே நம் ஊரில் உருக்காலையும், 2007-இல் உருவான ரயில்வே கோட்டமும், ஏற்காட்டில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆட்சியரகமும் வட்டாட்சியர் அலுவலகமும் மாநகராட்சியும் மாநில விதிகளின் கீழ் வருகின்றன. ரயில் பாதைக்காக நிலம் எடுத்தால் ஒரே நிலத்துக்கு இரண்டு பக்கமும் கோப்பு ஓடும். ஒரு பக்கத்தில் அது மத்திய அரசின் அ, ஆ, இ வகைப்படி பேணப்படும். மறு பக்கத்தில் ஆர்.டிஸ்., டி.டிஸ். முறைப்படி. ஒன்றின் எந்த வகை மற்றொன்றின் எந்த வகைக்கு ஈடு என்று சொல்லும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று எல்லா அலுவலகங்களின் மேசையிலும் இருந்திருக்க வேண்டும். நான் இருந்த மேசைகள் எதிலும் அதைக் கண்டதில்லை.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டன என்று ஓய்வுக்குப் பிறகு படிக்கத் தொடங்கினேன். என்னை மிகவும் ஈர்த்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்குள்ள மாநில ஆவணக் காப்பகம், மின்னாவணங்களுக்கான தன் நெறிமுறையை 1999-இல் வெளியிட்டது. ஆவணத்தையும் அதைப் பற்றிய விவரங்களையும் ஒரே பொதியில் கட்டி, கையொப்பத்தால் முத்திரையிட்டு வைப்பது அதன் கருத்து. அந்தப் பொதியை எந்த மென்பொருளின் துணையும் இல்லாமல் பிரித்துப் பார்த்தாலும், உள்ளே இருப்பது என்ன என்று அதுவே சொல்லிவிடும். நம் கோப்பு அட்டையும் அதைத்தான் செய்தது. அவர்கள் 2015-இல் பொதி கட்டும் முறையையே மாற்றினார்கள். பழைய முறையில் கையாள்வது கடினம் என்று அனுபவத்தில் கண்டதால், எளிய ஜிப் கோப்பாக ஆக்கிக்கொண்டார்கள். தான் வகுத்த நெறியைத் தானே திருத்திக்கொள்ளும் அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அத்தோடு நிற்கவில்லை. இரு நாடுகளின் தேசியக் காப்பகங்களும் மாநிலக் காப்பகங்களும் ஒன்றுகூடி, தனித்தனியே எழுதிக்கொண்டிருந்ததைச் சேர்ந்து எழுதத் தொடங்கின. அந்த உழைப்பின் பயனாக, அலுவலக மென்பொருள் ஒன்று ஆவணங்களை எப்படிக் கையாள வேண்டும் என்ற தேவைப்பட்டியல், பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றத்தின் பெயரில் 2008-இல் வெளிவந்து, பின்னர் ஐ.எஸ்.ஓ. 16175 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. ஆவணப் பேணலின் அடிப்படைகளைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 15489 என்ற தரம் அதற்கும் முன்பே, 2001-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது. உண்மையான ஆவணத்துக்கு நான்கு இயல்புகள் வேண்டும் என்கிறது அது: சொல்லப்படும் நபரால் சொல்லப்படும் காலத்தில் உருவானதாக இருத்தல், நம்பத்தக்கதாக இருத்தல், மாற்றப்படாதிருத்தல், எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாக இருத்தல். படிக்கும்போது எனக்கு நம் பதிவறைப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். பக்க எண் விட்டுப்போன கோப்பை அவர் வாங்கவே மாட்டார்.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. மின்னாளுமைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை மத்திய அரசு 2010-இல் வெளியிட்டது. மின்னாவணங்களைப் பேணத் தேவையான விவரங்களை வரையறுக்கும் நெறிமுறை ஒன்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான ஆய்வு புணேயில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் மையத்தில் நடந்தது. இவை வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல, அக்கறையுடன் எழுதப்பட்டவை. குறை அவற்றில் இல்லை. மாவட்ட அலுவலகத்துப் பிரிவு எழுத்தரின் மேசை வரை அவை வந்து சேரவில்லை என்பதே குறை. எழுத்தரின் மொழியில், எழுத்தரின் படிவத்தில், ‘இந்தக் கலத்தில் இதை எழுது’ என்று சொல்லும் வடிவம் பெறாத தரம் எதுவும் நம் அலுவலகங்களில் வேர்விடாது.

தமிழைப் பொறுத்தவரை நமக்குத் தனியான ஓர் அனுபவம் இருக்கிறது. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தன் குறியேற்றத்தை, அதாவது கணினிக்குள் எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டை, வைத்துக்கொண்டது. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் படிக்க முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசால் ஏற்கப்பட்டன. 2010-இல் யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. இன்று கைப்பேசியில் யாரும் யாருக்கும் தமிழில் எழுத முடிவது இப்படிப்பட்ட ஒப்பந்தங்களால்தான். ஆனால் அறிவிப்பு வந்த நாளுக்கு முன்பு எழுதியவை தாமாக மாறிவிடுவதில்லை. அந்த ஆண்டுகளின் ஆணைகளும் குறிப்புகளும் பழைய எழுத்துருக்களிலேயே வன்தட்டுகளிலும் சிடிகளிலும் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பட்டியலில் ‘கொ’ எல்லாம் ‘கெ’ ஆகி, அடுத்த எழுத்தின் முன்னால் ஒரு கால் தனியாக நின்றது. ஆகவே, மாற்றிய கோப்புடன் அசலையும் வைத்திருக்க வேண்டும், எந்தக் குறியேற்றத்திலிருந்து, எந்தக் கருவியால், எப்போது மாற்றியது, யார் ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதும் கோப்பிலேயே இருக்க வேண்டும் என்பது பொது நெறியில் இடம்பெற வேண்டிய விதி. முடிவுற்ற ஆணைகளை, எழுத்துருவையும் உள்ளடக்கிக்கொள்ளும் பிடிஎஃப்-ஏ வடிவில் வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி எதிர்காலத்திலாவது வராது. அந்த வடிவம் 2005 முதல் பன்னாட்டுத் தரமாக இருக்கிறது.

ஊர்ப்பெயரும் இத்தகைய ஒன்றே. தேடலில் ‘ஏற்காடு’ என்று இட்டால் ‘ஏர்க்காடு’ வராது. ‘சேர்வராயன்’ வந்தால் ‘சேர்வராயர்’ வராது. கிராமங்களுக்கு மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் தனி எண்கள் உள்ளன. பெயரோடு அந்த எண்ணையும் எழுதும் வழக்கம் வந்தால் எழுத்துப்பிழை தடையாகாது. ஆனால் எண்ணோடு காலமும் வேண்டும். 1995-இல் திருச்செங்கோட்டில் பிறந்த கோப்பு சேலம் மாவட்டக் கோப்பு. அதைத் தேடும் இன்றைய மாணவர் நாமக்கல்லில் தேடுவார். கோப்பு பிறந்தபோது எந்த மாவட்டம், இப்போது எந்த மாவட்டம் என்ற இரண்டுக்கும் கலம் வைக்காத மென்பொருளை இந்த மாவட்டத்தில் யாரும் ஏற்கக் கூடாது என்பேன்.

மின்கையொப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலரின் கையொப்பச் சான்றிதழ் அதிகம் போனால் இரண்டு மூன்று ஆண்டு செல்லும். நிரந்தரக் கோப்பின் ஆயுளுக்கு எல்லை இல்லை. பத்தாண்டு கழித்துத் திறப்பவருக்குத் திரையில் கேள்விக்குறிதான் தெரியும். கையொப்பமிட்ட அன்றே அதைச் சரிபார்த்து, சரியாக இருந்தது என்ற முடிவையும் நேரமுத்திரையையும் கோப்புடன் சேர்த்து வைத்தால், சான்றிதழ் காலாவதியான பிறகும் கேள்விக்குப் பதில் கிடைக்கும். செலவில்லாத வேலை இது. ஆனால் எல்லா மென்பொருளும் ஒரே முறையில் செய்தால்தான் பயன்.

அழிப்பதைப் பற்றி அலுவலகங்களில் ஒரு தவறான ஆறுதல் பரவியிருக்கிறது: இடம்தான் மலிவாயிற்றே, எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம் என்பது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது பேணுவது ஆகாது. ஓராண்டில் அழிய வேண்டிய நினைவூட்டுக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்த இடத்தில், நிரந்தரமாக இருக்க வேண்டிய ஒப்படை ஆணையை யாரும் தனியே கவனிப்பதில்லை. சர்வர் மாறும்போது எதை முதலில் காப்பது என்றும் தெரிவதில்லை. முடிவு செய்யும் எழுத்தர்தான் அந்தக் கோப்பை நன்கு அறிந்தவர். அவர் வகையைக் குறிக்காமல் கோப்பை மூட முடியாதபடி மென்பொருள் இருக்க வேண்டும். பழைய தன்பதிவேட்டில் அந்தக் கலம் காலியாக இருந்தால் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். நானும் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த நெறியை எழுத யார் உட்கார வேண்டும் என்று கேட்டால், எழும்பூரில் 1909-இல் கட்டிய கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தாரை முதலில் சொல்வேன். எதை நூறாண்டுக்குப் பிறகு யார் தேடி வருவார்கள் என்று அறிந்தவர்கள் அவர்கள். மென்பொருள் எழுதுவோரும், துறைகளின் பிரதிநிதிகளும், மத்திய அலுவலகங்களைச் சேர்ந்தவர்களும் வேண்டும். அவர்களோடு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறை எழுத்தரும் சமமான நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மனுவோடு வருபவர்களின் முகத்தைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். முதல் கூட்டத்தில் நூறு கலங்களை வரையறுக்க வேண்டியதில்லை. கோப்பு எண், உருவாக்கியவரின் பதவி, நான்கு தேதிகள், கிராம எண், முந்தைய கோப்பின் எண், வைத்திருக்கும் காலம், ஹேஷ் மதிப்பு ஆகியவற்றின் பொருளை மட்டும் ஒப்புக்கொண்டு எழுதினாலே நாம் இருபதாண்டு முன்னேறியிருப்போம். மென்பொருள் ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர வேண்டும்: ஒப்பந்தம் முடியும் நாளில், எல்லா ஆவணங்களையும் இந்த விவரங்களுடன், பொது வடிவில், எண்ணிச் சரிபார்த்த ஒப்படைப்புப் பட்டியலோடு தர வேண்டும். நாமக்கல் பிரிந்தபோது எழுதிய மும்மடங்குப் பட்டியல்தான் அது. காகிதத்திலிருந்து கணினிக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

அந்த அம்மாவின் ஆணை கிடைத்தது. பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, அந்த ஆணையின் ஒரு நகல் மலைமேல் உள்ள சார்நிலை அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. அங்கிருந்த பதிவறை எழுத்தரிடம் எண்ணையும் அனுப்பிய நாளையும் தொலைபேசியில் சொன்னேன். ஈரமும் கரையானும் பிடிக்காமல் அவர் ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து அடுக்கும் கட்டுகளில், மறுநாள் மதியத்துக்குள் அதை எடுத்துவிட்டார். வந்த நாளின் முத்திரை, அனுப்புகை எண், அலுவலரின் மை ஒப்பம் எல்லாம் தெளிவாக இருந்தன. பரப்பு இரண்டரை சென்ட் என்றிருந்தது. மூன்று வரைவுகளில் நடுவில் இருந்த ‘ஆணை இறுதி’யே வழங்கப்பட்டது, ‘இறுதி 2’ ஒப்பமாகவே இல்லை. சான்றிட்ட நகலை அந்த அம்மாவிடம் கொடுத்த பிறகு, சிடி உறையின் மேல் ஒரு தாளை ஒட்டி, கோப்பு எண், மூன்று வரைவுகளின் பெயர்கள், அவற்றில் ஒப்பமான ஆணையோடு ஒத்திருப்பது எது, அந்த ஆணை எந்த அலுவலகத்தின் எந்தக் கட்டில் இருக்கிறது, எந்த எழுத்துருவில் திறக்க வேண்டும் என்பவற்றை எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டேன். தன்பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே, சிடி இப்போது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் குறித்தேன்.